தீவிலே சோதித்துப் பாருங்கள்!

(ஊர்காவற்றுறையில் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் பொறியியலாளர் ஒருவர் நிகழ்த்திய உரை)

 

இன்று விடியற்காலை நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட படகில் நானும் ஒருவனாய் வந்தேன். எனக்கு எதிரே பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, கடல்நீர் படாதவாறு உறையிட்ட மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி அமர்ந்திருந்தாள். "விடுமுறைக்கு வந்த பிள்ளை, ஏன் இவ்வளவு வெள்ளெனப் புறப்பட்டாய்?" என்று கேட்டேன். "ஐயா, விரிவுரையாளருக்கு நேற்றிரவு அனுப்பவேண்டிய கட்டுரை போகவில்லை. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பாதியிலே நின்றுவிட்டது. குறிகட்டுவானில் இறங்கியதும் அனுப்பிவிட்டு அடுத்த படகிலே திரும்பிவிடுவேன்" என்றாள். எழுதிய கட்டுரை கடலைக் கடப்பதற்கு எழுதியவளே கடலைக் கடக்கவேண்டியிருக்கிறது. அன்பர்களே, நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளை இதைவிடத் தெளிவாக விளக்க என்னால் இயலாது.

கல்விக்கும் ஆராய்ச்சிக்குமென அமைந்த கணினி வலையமைப்புகளைப் பற்றியும், அவற்றில் புதிய சேவைகளை ஆக்கிச் சோதிக்கின்ற முறையைப் பற்றியும், அந்தச் சோதனையிலே நமது தீவகத்துக்கு உரிய இடத்தைப் பற்றியும் பேச விரும்புகின்றேன். கமக்காரர் சிலர், "இது படித்தவர்கள் பாடு, நமக்கென்ன?" என்று எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்திருங்கள். உங்கள் கிணற்றடிக்கே வந்து சேருவேன்.

காசு கொடுத்து நாம் கைத்தொலைபேசியில் பெறுகின்ற இணையம் வேறு. பல்கலைக்கழகங்கள் தமக்கெனத் தாமே அமைத்துக்கொள்கின்ற வலையமைப்பு வேறு. முன்னையது வியாபாரம். வாடிக்கையாளர் தலையில் பரீட்சித்துப் பார்க்க எந்த வியாபாரியும் துணியமாட்டான். பின்னையதோ பரீட்சைக்கென்றே பிறந்தது. 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து இன்னொரு நிலையத்துக் கணினிக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டபோது, இரண்டே எழுத்துகள் சென்றன; உடனே மறுமுனை விழுந்துவிட்டது. இன்று உலகை ஆளும் இணையத்தின் முதல்நாள் வரலாறு இதுதான்! விழுந்ததைக் கண்டு வெட்கப்படாமல், ஏன் விழுந்தது என்று பார்த்தார்கள். அந்த மனப்பான்மையே ஆராய்ச்சி வலையமைப்பின் உயிர்.

நமது நாட்டிலும் அவ்வாறு ஒன்று உண்டு. இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி 'லேர்ண்' என்பர். 1990ஆம் ஆண்டளவில் பேராசிரியர் அபய இந்துருவ அவர்களும் அவருடன் நின்ற சிலரும் பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சல் ஓட வழிசெய்தனர். அப்போது தனி இணைப்பு ஏது? கடிதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சாதாரணத் தொலைபேசியிலே நாளைக்குச் சில தடவை அழைத்து, மொத்தமாகக் கைமாற்றினார்கள். தபாற்காரன் பையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையை மறவாதீர்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

தெற்கே முதல் மின்னஞ்சல் ஓடிய அக்காலந்தான், குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அறுந்துபோன காலமும். 1990ஆம் ஆண்டு யூனில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் விளக்கில்லாமல், தொலைபேசியில்லாமல், தாளில்லாமல் பட்டதாரிகளை உருவாக்கிய ஆண்டுகளை இங்கிருக்கும் ஆசிரியர்கள் பலர் தாமே அனுபவித்தவர்கள். பிறர் கணினியோடு கணினியை இணைத்துப் பழகிய இருபது ஆண்டுகளை நாம் போரிலே தொலைத்தோம். இதை ஒப்பாரிக்காகச் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொல்கின்றேன். ஓட்டப்பந்தயத்திலே இருபது ஆண்டு பின்னால் நிறுத்தப்பட்டவனுக்கு, "எல்லோருக்கும் ஒரே விதி" என்று சொல்வது நீதியாகுமா?

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அந்த வலையமைப்பின் உறுப்பினரே. கிளிநொச்சி அறிவியல் நகரில் அதன் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. லேர்ண் வலையமைப்பு ஆசிய நாடுகளின் ஆராய்ச்சி வலையமைப்புகளோடும் அவற்றின் வழியாக ஐரோப்பாவோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு அமைந்த அந்தப் பெருவழியின் ஒருங்கிணைப்பு நிலையம் கொரியாவின் சியோல் நகரில் உள்ளது.

இதனால் கண்ட பலன் யாது? 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாத் தொற்றினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. லேர்ண் வலையமைப்பின் வழியாக விரிவுரைகள் காணொளியாக நடந்தன. பல்கலைக்கழகங்களின் பாடத் தளங்களுக்கு மாணவர் செல்வதற்குத் தரவுக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைபேசி நிறுவனங்கள் இணங்கின. ஏழை மாணவன் ஒரு சதமும் செலவழியாமல் விரிவுரை கேட்டான். செல்வ நாடுகள் பலவும் செய்யத் தடுமாறிய காரியம் இது. நல்லதை நல்லதென்று ஒப்புக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வந்தது என்பதற்காக நல்லது தீயதாகிவிடாது.

ஆனால் கட்டணம் இல்லையென்றால் போதுமா? அலை வரவேண்டாமா? அலையைத் தேடி மலையுச்சியிலும் மரக்கொப்பிலும் ஏறியிருந்து படித்த மாணவரின் செய்தி அந்நாட்களில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்தது. நம் தீவுகளில் ஏறுவதற்கு மலையுமில்லை. பனையில் ஏறலாம், மடிக்கணினியோடு ஏற முடியாது!

இனி, புதிய சேவைகள் என்று எவற்றைச் சொல்கின்றேன்? ஒன்றிரண்டைப் பார்ப்போம்.

'எடுரோம்' என்று ஒன்று. யாழ்ப்பாணத்து மாணவன் பேராதனைக்குப் போனாலும், பாரிசுக்குப் போனாலும், தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டே அங்குள்ள கம்பியில்லா இணையத்தில் நுழையலாம். இதன் சூட்சுமம் எளியது. வேலணையான் ஒருவன் முல்லைத்தீவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு, வேலணையில் ஆள்விட்டு விசாரித்து, ஆமென்றதும் உள்ளே அழைப்பார்கள் அல்லவா? அவ்வளவுதான். விருந்தளிக்கும் நிறுவனம் கடவுச்சொல்லை அறியாது. சொந்த நிறுவனமே ஆளை உறுதிசெய்கிறது. 2002ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தின் ஆராய்ச்சி வலையமைப்பிலே எழுந்த யோசனை, சில நாடுகளுக்குள் சோதிக்கப்பட்டு, இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

ஒல்லாந்து என்றதும் ஒரு நினைவு வருகிறது. நம் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். நாம் நிற்கும் இத்தீவு லைடன், நெடுந்தீவு டெல்ஃப்ட், காரைதீவு அம்ஸ்ரடாம். அங்கே லைடனும் டெல்ஃப்டும் புகழ்பெற்ற பல்கலைக்கழக நகரங்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியிழை வலையமைப்பின் புதுமைகளை உலகுக்குச் சோதித்துக் காட்டிய நகரங்களுள் ஒன்று அம்ஸ்ரடாம். பெயரைத் தந்தார்கள்; பெயரோடு கம்பி வரவில்லை. நெடுந்தீவிலே பழைய புறாக்கூடு ஒன்று இன்றும் நிற்கிறது. செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்க்க ஒல்லாந்தர் கட்டியது என்பர். அந்த மாணவியின் கட்டுரைக்குப் புறாவே மேல் என்று படகிலே ஒரு பெரியவர் சொன்னார், நான் மறுக்கவில்லை.

இன்னொன்று, அளக்கின்ற சேவை. 'பெர்ஃப்சோனார்' என்பது அதற்கான கருவித்தொகுதி. அமெரிக்க, ஐரோப்பிய ஆராய்ச்சி வலையமைப்புகள் கூடி ஆக்கியது; யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். வழியின் ஒவ்வொரு முனையிலும் சிறு கணினி ஒன்றை வைத்தால், அவை இரவு பகலாகத் தமக்குள் சோதனைப் பொதிகளை அனுப்பி, எத்தனை வந்தன, எத்தனை தொலைந்தன, எவ்வளவு தாமதம் என்று குறித்துக்கொண்டேயிருக்கும். இது ஏன் வேண்டும்? அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சி வலையமைப்பில் கருவியொன்று பழுதடைந்து, 22,000 பொதிகளுக்கு ஒன்றைத் தவறவிட்டது. இருபத்தீராயிரத்தில் ஒன்று! கிட்டிய ஊருக்குச் சென்ற செய்திகளில் குறையே தெரியவில்லை. தூர தேசத்துக்குச் சென்றவற்றின் வேகமோ படுத்துவிட்டது. ஏனெனில் பொதியொன்று தொலைந்தால் அனுப்புகின்ற கணினி அஞ்சித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரம் கூடக் கூட மறுபடி வேகம் பிடிக்க நேரம் செல்லும். அருகிலிருப்பவனுக்குத் தெரியாத குறை தொலைவிலிருப்பவனையே வாட்டும். இது கணினிக்கு மட்டுமுரிய விதியா என்று அரசியல் தெரிந்த நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தூரம் என்றால் எவ்வளவு தூரம்? நெடுந்தீவிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஆனால் நெடுந்தீவுப் பிள்ளை இராமேசுவரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு செய்தி அனுப்பினால், அது முதலில் நாட்டின் தென்மேற்குக் கரைக்குப் போகவேண்டும். ஆழ்கடல் வடங்கள் கரையேறியிருப்பது கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும். 2006இல் தூத்துக்குடியிலிருந்து இடப்பட்ட வடமும் கல்கிசைக்கே சென்றது. கையெட்டும் தூரத்துக்குக் காத வழி சுற்றவேண்டிய நிலை நமக்கு.

இப்பொழுது என் கோரிக்கையின் நடுப்புள்ளிக்கு வருகின்றேன். புதிய சேவைகளை எங்கே சோதிப்பது? வழக்கம் யாதெனில், நல்ல மின்சாரமும், குளிரூட்டிய அறையும், பருத்த ஒளியிழையும், பொறியியலாளர் பத்துப்பேரும் உள்ள இடத்திலே சோதிப்பார்கள். வெற்றி என்று அறிக்கை எழுதுவார்கள். பின்பு தூர இடங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே அது விழும். "அந்த ஊர்ச் சனங்களுக்குப் பாவிக்கத் தெரியாது" என்று முடிவு கட்டுவார்கள். இது தலைகீழான முறை.

தமிழ்நாட்டிலே தேனியில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரக் கிராமங்களிற் சிறு கண் நிலையங்களை அமைத்து, கிராமத்து நோயாளி தேனியிலிருக்கும் வைத்தியரோடு காணொளியிற் பேச வழிசெய்தது. 2005ஆம் ஆண்டளவில், கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், மலிவான வைஃபை கருவிகளைக் கோபுரங்களில் ஏற்றி அதற்கான இணைப்புகளை அமைத்தனர். வைஃபை என்பது ஒரு வீட்டுக்குள், ஒரு மண்டபத்துக்குள் பயன்படச் செய்த பொருள். பொதியை அனுப்பியதும் "கிடைத்தது" என்ற மறுமொழிக்குக் கணப்பொழுதே காத்திருக்கும். 15 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு நொடியில் 20,000இல் ஒரு பங்கு நேரம் செல்லும். அது நமக்கு ஒன்றுமில்லை, வைஃபைக்கு யுகம். மறுமொழி வருமுன்னே "தொலைந்தது" என்று எண்ணி மறுபடி மறுபடி அனுப்பும். ஆகவே முறையையே மாற்றினார்கள்: இரு முனைகளும் முறைவைத்துப் பேசவேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். இணைப்புச் சீராயிற்று.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. கருவிகள் மேலும் மேலும் பழுதாகின. காரணம் வானலையல்ல; மின்சாரம்! அழுத்தம் ஏறியும் இறங்கியும் வந்த கிராமத்து மின்சாரம் கருவிகளைக் கொன்றது. இதைப் பேர்க்லியின் ஆய்வுகூடத்தில் இருந்து எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தேனியிலே இருந்துதான் கண்டார்கள். 2008இல் அதனை வெளிப்படையாக எழுதி உலக அறிஞர்முன் வைத்தார்கள். பயன் பெற்றது தேனி மட்டுமன்று. தேனியைப் போன்ற எல்லா ஊர்களும்.

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடல் அந்த அளவில் அடங்கும் தூரந்தான். ஆனால் மலைநாட்டில் இல்லாத தொல்லைகள் இங்கே உண்டு. கடல்மேற் செல்லும் வானலை நேராகவும் செல்லும். நீர்ப்பரப்பிற் பட்டுத் தெறித்தும் செல்லும். இரண்டும் மறுகரையிற் சந்திக்கும்போது சில வேளை ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில வேளை ஒன்றையொன்று அழிக்கும். வெயிலும் ஈரமும் மாற மாற அலையின் பாதையும் வளையும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். சோளகம் வீசும்போது ஒரு நிலை, வாடையில் வேறொரு நிலை. மின்சாரமோ, நாட்டின் பெருந்தொடரோடு இணையாத தனித் தொடர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் இந்திய உதவியோடு சூரிய, காற்று மின்னிலையங்கள் அமைப்பதற்கு 2024 மார்ச்சு முதலாம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வலையமைப்புக் கருவி அத்தகைய மின்சாரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதும் சோதித்து அறியவேண்டிய ஒன்றே. ஒரு சேவை நெடுந்தீவிலே ஓராண்டு நின்று பிடிக்குமானால், அது மாலைதீவிலும் நிற்கும். இந்தோனேசியாவின் தீவுகளிலும் நிற்கும். ஆகையால் இது பிச்சையன்று. உலக ஆராய்ச்சிக்கு நாம் தரக்கூடிய களம்.

கிணற்றடிக்கு வருகின்றேன். நம் தீவுகளின் அடியிலுள்ள சுண்ணக்கல்லில் மழைநீர் ஊறி, உவர்நீரின்மேல் மிதக்கிறது என்பதைக் கமக்காரர் அறிவர். கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் தாங்கி நிற்கும். பம்பி வைத்து இறைத்து மேலே ஓரடியைக் குறைத்தால், கீழிருந்து உவர் நாற்பதடி மேலெழ வழிதிறக்கிறோம். தண்ணீர் கரித்தபின்னே, வெங்காயம் கருகியபின்னே அறிகிறோம். கரிப்பதற்கு முன்பே அறிய வழியுண்டு. நீரின் மின்கடத்தும் திறனை அளக்கும் சிறு உணர்கருவியைக் கிணற்றில் இறக்கினால், உப்பு ஏறுவதை நாள்தோறும் சொல்லும். அது அனுப்பவேண்டிய செய்தி இருபது எழுத்துக்கு மேற்படாது. அதற்குப் பருத்த கம்பி வேண்டாம். தவறாத கம்பியே வேண்டும். கம்பி இல்லாத இடத்தில்? 1990இன் தபாற்பை முறையை நினைவுகூருங்கள்! கம்போடியாவின் இரத்தினகிரி மாகாணத்தில் மோட்டார்ச் சைக்கிள்கள் கிராமத்துப் பள்ளிக்கூடங்களைக் கடந்து சென்றபோது, அவற்றிற் பூட்டிய கருவிகள் கம்பியின்றியே கடிதங்களை ஏற்றி இறக்கின. மோட்டார்ச் சைக்கிள் செய்ததை நமது பயணிகள் படகு செய்யமுடியாதா? பகலெல்லாம் சேர்ந்த கிணற்று அளவைகளைப் படகு எடுத்துவந்து குறிகட்டுவானிற் கொடுக்க, அங்கிருந்து கிளிநொச்சி விவசாய பீடத்துக்குச் செல்ல, மறுநாட் படகில் "இன்ன கிணற்றில் இறைப்பைக் குறையுங்கள்" என்று தமிழிலே மறுமொழி வர, இது நடக்கக்கூடிய காரியமேயன்றிக் கனவன்று.

"குடிநீருக்கே தவிக்கிறோம், அவசர நோயாளியைக் கொண்டுபோகப் படகு தேடுகிறோம், இதற்குள் வலையமைப்பா?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. நானும் தீவான்தான், அந்தத் தவிப்பை அறிவேன். வலையமைப்பு படகாகாது, வைத்தியராகாது. ஆனால் ஒன்று முடிந்த பின்புதான் மற்றொன்று என்று வரிசை வைத்தவர்களாலேயே நாம் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறோம். மேலும் நான் கேட்பது பெருஞ்செலவன்று. லேர்ண் வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் உரியது, பாடசாலைகளுக்கென அமைந்ததன்று. எல்லாப் பாடசாலைகளையும் நாளையே இணையுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர்காவற்றுறையில் ஒன்று, நயினாதீவில் ஒன்று, நெடுந்தீவில் ஒன்று என மூன்று பாடசாலைகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சோதனைக் களங்களாக ஏற்கவேண்டும். மூன்றிலும் அளக்கும் கருவி வைக்கவேண்டும். அளவைகளை ஒளிக்காமல் வெளியிடவேண்டும், தமிழிலும் வெளியிடவேண்டும். சோளகமும் வாடையும் ஒரு சுற்று வரும்வரை, ஓராண்டுக்குக் குறையாமல் சோதனை நடக்கவேண்டும். தை மாதத்தில் நாடா வெட்டிச் சித்திரையில் மறந்துவிடும் சோதனை நமக்கு வேண்டாம். அவ்வகைச் சோதனைகளின் துருப்பிடித்த கம்பங்களை வேண்டிய அளவு பார்த்துவிட்டோம்.

நம் பக்கத்திலும் கடமையுண்டு. கருவிக்கு ஒரு காவலர் வேண்டும். தேனியிலும், நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர் ஊழியரே கருவியை அணைத்து மூட்டப் பழகினர். உயர்தர வகுப்பில் இரு மாணவரைப் பழக்கினால் போதும். அவர்களுக்கு அதுவே பெரும் படிப்பு. அவர்கள் பல்கலைக்கழகம் போகுமுன் அடுத்த இருவரைப் பழக்கிவிட்டுப் போகவேண்டும். வெளிநாட்டிலுள்ள நம் தீவான்கள் கோயிலுக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்புகிறார்கள், வேண்டாமென்று சொல்லேன். மின்கலத் தொகுதி மூன்றுக்கும் பணம் அனுப்பலாம்.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பம் வாசலில் மேசைமேல் இருக்கிறது. ஆசிரியர்கள் கையொப்பமிடுங்கள். கமக்காரர், தம் கிணற்றில் உணர்கருவி இறக்கச் சம்மதமானால், கிணறு உள்ள குறிச்சி, ஆழம், எந்த மாதத்தில் கரிக்கத் தொடங்குகிறது என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எழுத வசதியில்லாதவர் சொன்னால் மாணவர் எழுதிக்கொள்வர். நெடுந்தீவிலிருந்து வந்தவர்கள் முதலில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு இங்கேதான்.